364 நாள் லீவு!

வருஷத்தில் 364 நாள் லீவு. ஒரே ஒரு நாள்தான் டூட்டி. அன்றைக்கும் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து, சூரியன் சாய்வதற்குள் கடையைக் கட்டிவிட வேண்டும். சம்பளம், போனஸ், பிராவிடன்ட் ஃபண்ட் எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஒரு நாள் தரிசனத்துக்காக ஜனம் ஆயிரக்கணக்கில் மலை ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி க்யூவில் நிற்கும்.

இப்படி ஒரு உத்தியோகம் யாருக்கு என்று கேட்கிறீர்களா? உங்களுக்குத் தெரிந்தவள்தான். ஸ்கூலில் அவளைப் பற்றி ஐந்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதியிருப்பீர்கள். பெயர் கண்ணகி. அவள் கோயில் தமிழ்நாடும் கேரளாவும் முட்டிக்கொள்கிற எல்லையில், கூடலூருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், யானை நடமாடும் காட்டுக்குள் தனியாக நிற்கிறது. மங்கலதேவி கோயில் என்பார்கள். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் மனுஷர்களுக்கு அனுமதி. மற்ற நாளெல்லாம் யானைக்கும் மானுக்கும்.

நான் இதைக் கேள்விப்பட்டது வீரபாண்டியில். தேனியிலிருந்து கம்பம் போகிற ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் முல்லையாற்றங்கரையில் இருக்கிற ஊர். அங்கேதான் என் தாய்மாமா வீடு. 2025 மே மாதம் கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அந்தத் திருவிழாவைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: எட்டு நாளும் ஊர் தூங்காது. விடிய விடிய அக்னிச்சட்டி, ஆயிரங்கண் பானை. ஆற்றில் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து கோயில் முன்னால் நட்டிருக்கும் கம்பத்துக்கு ஊற்றுகிற பெண்கள். இந்தப் பக்கம் ராட்டினம், அந்தப் பக்கம் மரணக்கிணறு, நடுவில் முகத்தை விடப் பெரிய டெல்லி அப்பளம். ஒலிபெருக்கியில் காணாமல் போன குழந்தையின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த குழந்தை காணாமல் போயிருக்கும்.

இந்த சந்தடிக்கு நடுவே சிவன் கோயில் ஒன்றும் ஊரில் உண்டு. கண்ணீசுவரமுடையார். பெயருக்குக் காரணம் சொல்கிற தலபுராணம் இது: வீரபாண்டியன் என்கிற பாண்டிய ராஜாவுக்குக் கண் பார்வை போய்விட்டது. இந்த ஆற்றங்கரைக்கு வந்து தவம் கிடந்தான். ஒரு கண்ணை கௌமாரி கொடுத்தாள். இன்னொரு கண்ணை ஈசுவரன் கொடுத்தார். (ஒரே சாமி இரண்டையும் கொடுத்திருந்தால் ஒரு கோயிலோடு செலவு முடிந்திருக்கும். பி.காம். படித்தவன் புத்தி இப்படித்தான் போகும், மன்னியுங்கள்.)

மாமாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே ஆற்றைக் காட்டினார்.

"இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"பெரியார் டேம்லேருந்து மாமா."

"அந்த மலையில ஒருத்தி இருக்கா. கண்ணு இருந்தும் பார்க்காம தீர்ப்பு சொன்ன பாண்டியனுக்குப் பாடம் சொல்லிட்டு வந்தவ. நாளைக்கு பௌர்ணமி. நாளைக்கு ஒரு நாள்தான் பார்க்க விடுவாங்க. மாப்ளய கூட்டிட்டுப் போய்ட்டு வா."

இப்படியாக, ஒரே வாரத்தில் இரண்டு திருவிழா. வீரபாண்டியில் கண் வாங்கிய பாண்டியன். மலை மேலே கண்ணைத் திறந்துவிட்டவள். மே 12, திங்கட்கிழமை, விடியற்காலை மூன்று மணிக்கு நானும் மாமா பையனும் கம்பம் பஸ்ஸில் ஏறினோம். பஸ்ஸில் பாதிப்பேர் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள். திருநீற்றோடும் மஞ்சள் வாசத்தோடும் ஜன்னலில் தலையை முட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சீலையம்பட்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் இருட்டிலேயே போயின. பகலில் போனால் வாழையும் நெல்லும் பன்னீர் திராட்சைப் பந்தலுமாக ஐம்பது கிலோமீட்டருக்கும் பச்சை போர்த்திய ரோடு இது. அந்தத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை அந்த வட்டாரத்தில் யாரிடம் பேசினாலும் தன் பையன் ஐ.ஏ.எஸ். பாஸானது மாதிரி சொல்வார்கள்.

பச்சைக்குக் காரணம் மாமா காட்டிய அதே தண்ணீர். மேற்கே போய் அரபிக்கடலில் விழ வேண்டிய பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் பென்னிகுவிக். 1895-ல் தண்ணீர் திறந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இரு போகம் விளைகிறது. மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் என்கிற ஊரில் அவருக்கு 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். அதற்கு முன்பே இந்தப் பக்கம் டீக்கடையிலும் வீட்டுக் கூடத்திலும் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் படம் மாட்டி மாலை போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் நடுராத்திரி அணையின் தண்ணீர் மட்டம் எத்தனை அடி என்று கேட்டால்கூட இங்கே பதில் வரும். கிரிக்கெட் ஸ்கோர் அப்புறம்தான்.

லோயர் கேம்ப்பை ஒட்டி பளியன்குடி. மலைவாசிகளான பளியர்களின் குடியிருப்பு. கண்ணகி விழாவுக்குக் கொடி ஏற்றுவது இங்கேதான். மேலே போக இரண்டு வழி. ஒன்று, குமுளி போய், கேரளா பக்கமாக ஜீப்பில் பதிமூன்று பதினான்கு கிலோமீட்டர் எலும்பு குலுங்கப் போவது. இன்னொன்று, பளியன்குடியிலிருந்து ஆறரை கிலோமீட்டர் நடை. பெரும்பாலோர் ஜீப்புக்குத்தான் முண்டியடிக்கிறார்கள். நாங்கள் நடந்தோம். வீரம் என்று நினைக்காதீர்கள். ஜீப் க்யூவின் நீளத்தை மாப்ள போனில் விசாரித்துவிட்டான்.

அடிவாரத்திலேயே செக்கிங். வனத்துறை, போலீஸ், ஆம்புலன்ஸ் என்று கலெக்டர் ஆபீஸே இறங்கி வந்தது போலிருந்தது. பிளாஸ்டிக் பாட்டில், பை எல்லாம் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். பீடி, சிகரெட், தீப்பெட்டி, மது, மாமிசம் ஊஹூம். ஒரு இளைஞர் தன் பையில் இருந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, அங்கேயே நின்று முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, கவரை அதிகாரியிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டுப் போனார். சட்டத்தை மதிப்பதில் இதுவும் ஒரு வகை.

முதல் இரண்டு கிலோமீட்டர் காடு. நல்ல செங்குத்து. பழனி மலையை ஐந்தாறு தடவை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படியோ அப்படி. படிக்கட்டு மட்டும் கிடையாது. ஆபீஸ் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பழகிய கால் முதல் அரை மணியில் கேள்வி கேட்கும். அடுத்த அரை மணியில் ராஜினாமா கொடுக்கும். ஒரு பாறையில் சாய்ந்து நின்றேன். பக்கத்தில் ஒரு பாட்டி செருப்பில்லாமல் வந்து நின்றார். எழுபது வயசுக்குக் குறையாது. கையில் மஞ்சப்பை.

"என்ன தம்பி, இதுக்கே மூச்சு வாங்குது? இன்னும் பொட்டலே வரலையே."

"பொட்டல்னா என்ன பாட்டி?"

"மரம் முடிஞ்சு புல்லு வரும்ல, அது. அங்கதான் வெயிலு. இப்பவே உக்காந்தா அங்க படுத்துருவ. எந்திரி."

எழுந்தேன். அவர் முன்னால் போக, நாங்கள் பின்னால். உத்தமபாளையம் பக்கம் ஊர் என்றார். பல வருஷமாக நடந்தே வருகிறாராம். மஞ்சப்பையில் என்ன என்று மாப்ள கேட்டான். பிரித்துக் காட்டினார். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல், இரண்டு டஜன்.

"கண்ணகிக்கா?"

"பின்ன? மதுரையில வளையலைப் போட்டு உடைச்சிட்டு வந்துட்டால்ல. யாராச்சும் வாங்கிக் குடுக்கணும்ல?"

பாட்டியின் கையில் வளையல் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை.

நடக்கிறபோது கதையை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். இளங்கோவடிகள் சொன்னது உங்களுக்கும் தெரியும். சிலம்பு திருடினான் என்று கோவலனைக் கொன்றார்கள். பாண்டியன் செய்தது என்ன? ஸ்டாக் வெரிஃபிகேஷன் கிடையாது, வவுச்சர் பார்க்கவில்லை, எதிர்த்தரப்பைக் கூப்பிடவில்லை. கையெழுத்து மட்டும் போட்டான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். ராணியின் சிலம்புக்குள் இருக்க வேண்டியது முத்து. இதிலிருந்து தெறித்தது மாணிக்கம். ஆடிட் முடிந்தது. ராஜா அங்கேயே உயிரை விட்டான், மதுரை எரிந்தது.

இதுவரைக்கும்தான் நமக்கு ஞாபகம் இருக்கிறது. சினிமாவும் பட்டிமன்றமும் இதோடு விட்டுவிடும். அதற்கப்புறம் என்ன ஆனாள்? கிழக்கு வாசல் வழியாகக் கணவனோடு ஊருக்குள் வந்தவள் மேற்கு வாசல் வழியாகத் தனியாகப் போகிறாள். வைகைக் கரையைப் பிடித்துக்கொண்டு, பகலா இரவா தெரியாமல், மேடா பள்ளமா பார்க்காமல் நடக்கிறாள். மலை ஏறி ஒரு வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். பதினாலாவது நாள் கோவலன் வானத்திலிருந்து வந்து அழைத்துப் போகிறான். பார்த்தவர்கள் அந்த மலைக் குறவர்கள். அவர்கள் போய் சேரன் செங்குட்டுவனிடம் சொல்ல, அவன் இமயத்திலிருந்து கல் கொண்டு வந்து அவளுக்குக் கோயில் எடுத்தான் என்கிறது சிலப்பதிகாரம்.

மதுரைக்கு மேற்கே, வைகைக் கரை, மலை. மேப்பை வைத்துப் பாருங்கள். வீரபாண்டியைத் தொட்டுக்கொண்டு வருகிற முல்லையாறு, தேனிக்குக் கீழே வைகையில்தான் சேர்கிறது. ஆற்றோடு மேலே மேலே போனால் இந்த மலைதான் வழியை மறிக்கும். இன்றைக்கு மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் நாலு மணி நேரத்தில் கூடலூர். அவளுக்குப் பதினாலு நாள்.

மேப்பை வைத்துச் சொல்வது சுலபம். நடந்தே பார்த்துச் சொன்னவர் ஒருவர் இருந்தார். கரந்தையைச் சேர்ந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார். பூம்புகாரில் ஆரம்பித்து, காவியத்தில் வருகிற ஊர்களை ஒவ்வொன்றாகத் தேடி, மதுரை வந்து, மலையடிவாரத்தில் விசாரித்து, 1963-ல் இந்தக் காட்டுக் கோயிலைக் கண்டு, இதுதான் கண்ணகி கோட்டம் என்று உலகத்துக்குச் சொன்னார். அடிவாரத்து ஜனங்களுக்கு மங்கலதேவியை முன்பே தெரியும். அவளைச் சிலப்பதிகாரத்தோடு சேர்த்தது அவர். எழுத்தும் சுவடியுமாக உட்கார்ந்திருக்க வேண்டிய புலவர், யானைக் காட்டுக்குள் நடந்திருக்கிறார். ட்ராவல் அலவன்ஸ் பில் போட்டிருப்பாரா என்று தோன்றியது. அந்த அளவுக்குத்தான் நம் புத்தி.

இன்றைக்கு மேலே நிற்கிற கட்டடம் செங்குட்டுவன் காலத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்வெட்டுகள் சோழர், பாண்டியர் காலத்தவை. அதாவது காவியத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு பின்னால் வந்த ராஜாக்கள், ரோடும் ஜீப்பும் இல்லாத காலத்தில், இந்த உச்சிக்கு வந்து கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய அதிசயம். ஒரு இடத்தைப் பற்றி ஜனங்கள் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தால்தான் அப்படி நடக்கும்.

பாட்டி சொன்ன பொட்டல் வந்தது. இடுப்பளவு புல், எலுமிச்சை வாசம் அடித்தது. திரும்பிப் பார்த்தால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு, கட்டம் போட்ட லுங்கியை விரித்துக் காயப்போட்ட மாதிரி. பாதை ஓரத்தில் காலடித் தடம் ஒன்று, கழுவும் தொட்டி சைஸில். பக்கத்தில் உலர்ந்த சாணம். மாப்ள பேச்சை நிறுத்தினான்.

"அரிக்கொம்பன் வந்ததும் இந்தப் பக்கமாத்தான்" என்று பின்னால் ஒரு குரல். கூட்டத்துக்குக் காவலாக வந்த வனத்துறை வாட்சர்.

அந்த யானையின் கதை ஞாபகம் இருக்கும். 2023 ஏப்ரல் கடைசியில் மூணாறு பக்கம் சின்னக்கானலில் பிடித்து, இந்தப் பெரியார் புலிகள் காப்பகத்தில் கொண்டு வந்து விட்டார்கள். அது சும்மா இருக்குமா? ஒரே மாதத்தில், மே 27 அன்று, கம்பம் டவுனுக்குள் நடந்து வந்துவிட்டது. ஆட்டோவும் மனுஷனும் தெறித்து ஓடியதை டி.வி.யில் பார்த்துச் சிரித்தோம். ஆனால் அன்றைக்குக் காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்து போனார். ஜூன் 5-ல் மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு லாரியில் அனுப்பினார்கள்.

"ஒரு நாள் நாம அது வீட்டுக்குள்ள வர்றோம் சார். அதுக்கே எவ்வளவு பந்தோபஸ்து பாருங்க. டெய்லி வந்தா?" என்றார் வாட்சர்.

அவர் கேள்வியை மனசில் குறித்து வைத்துக்கொண்டேன்.

மூன்றரை மணி நேரம் ஏறி, கோயிலைப் பார்த்தபோது முதலில் தோன்றியது: இவ்வளவுதானா? கோபுரம் இல்லை. கொடிமரம் இல்லை. புல் மேட்டின் மேல் சின்னச் சின்னக் கல் கட்டடங்கள், தாழ்வாக, மழையில் கறுத்துப்போய். சுற்றி, கல்லை அடுக்கிய மதில். அதில் பாதி சரிந்து கிடக்கிறது. சுண்ணாம்பு, சிமென்ட் பூச்சு கிடையாது. கல் மேல் கல். இடுக்கில் செடி வேர் விட்டு, ஒரு கல்லை இன்னொரு கல்லிலிருந்து பொறுமையாக நெம்பிக்கொண்டிருக்கிறது. ஊரில் பெரிய கோயில் மதில் பக்கம் நின்றால் நாம் சின்னவராகத் தோன்றும். இங்கே குனிந்து நுழைகிறபோது, யாரோ ஒரு ஏழைப் பெண்ணின் வீட்டுக்கு வந்தது போலிருந்தது.

அந்தச் சின்ன இடத்துக்குள் இரண்டு மாநிலம். இந்தப் பக்கம் தமிழ்நாடு போலீஸ், அந்தப் பக்கம் கேரளா போலீஸ். ஒரு சன்னதியில் தமிழில் பூஜை. பக்கத்தில் இன்னொரு சன்னதியில் கேரள முறைப்படி பூஜை. க்யூவில் எனக்கு முன்னால் 'அம்மே' என்றும், பின்னால் 'ஆத்தா' என்றும் குரல். அம்மன் சந்தன முகத்தோடு பட்டு கட்டி, பூவுக்குள் புதைந்து இருந்தாள். அலங்காரத்துக்கு அடியில் இருக்கிற பழைய சிலை சிதைந்துபோனது. என்னைத் தள்ளிவிட்டார்கள். நாலு விநாடி தரிசனம்.

பாட்டி வளையலைக் கொடுத்தார். பூசாரி பாதியை அம்மன் காலடியில் வைத்து, மீதியைக் குங்குமத்தோடு திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்த பாட்டி, அதில் நாலு வளையலை எண்ணி என் கையில் வைத்தார். "வீட்டுல பொண்டாட்டிக்குக் குடு. உடையாம கொண்டுக்கிட்டுப் போ." மிச்சத்தைப் பக்கத்தில் நின்ற பெண்களுக்குப் பங்கு போட ஆரம்பித்துவிட்டார். அதில் இரண்டு பேர் மலையாளம் பேசினார்கள். பாட்டிக்கு அதெல்லாம் கணக்கில்லை.

கணக்கு இருப்பது கீழே. கோயில் நிற்கிற இடம் யாருடையது என்பதில் இரண்டு மாநிலத்துக்கும் பல காலமாக வழக்கும் பேச்சும். பழைய சர்வே மேப்பைக் காட்டித் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது என்கிறார்கள் நம் பக்கத்தில். வாகனம் போகிற வழி அவர்கள் காட்டுக்குள் இருக்கிறது. எனக்குத் தெரிந்த கணக்குப் பதிவியல் ஒன்று சொல்லும். ஒரு சொத்தை இரண்டு கம்பெனி தன் பேலன்ஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டால், பராமரிப்புச் செலவை இரண்டு பேருமே எழுதமாட்டார்கள். தேய்மானம் மட்டும் யாரையும் கேட்காமல் வருஷா வருஷம் நடக்கும். மேலே நான் பார்த்த மதில் அதுதான்.

சாப்பாட்டு வரிசையில் இதைப் பற்றிச் சண்டையே நடந்தது. இலையில் சுடச்சுட சாதம். அந்த உச்சியில், தமிழ்நாட்டு பக்தர்கள் செய்கிற அன்னதானம். ஆறரை கிலோமீட்டர் ஏறியவனுக்கு அது என்ன குழம்பு என்று பார்க்கத் தோன்றாது. எதிரே உட்கார்ந்த கம்பத்துக்காரர் ஒருவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"பளியன்குடியிலேருந்து தார் ரோடு போடணுங்க. மாசா மாசம் பௌர்ணமிக்குத் தொறக்கணும். நம்ம கோயிலுக்கு நாம போக அடுத்த ஸ்டேட் வழியாவா போறது?"

"ரோடு போட்டா என்னண்ணே ஆகும்? நாளைக்கே புரோட்டா கடை வரும். அடுத்த வாரம் லாட்ஜ் வரும்" என்றான் மாப்ள.

"வரட்டுமே? நாலு பேரு பொழைப்பாங்க."

"யானை?"

"அது பொழைச்சுக்கும்."

கம்பத்துக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் அப்பன் பாட்டன் நடந்த பாதை; அதைச் சீர் செய்து கொடுங்கள் என்று கேட்பது தப்பில்லை. அந்தப் பாட்டி காலில் முள் குத்தாமல் நடக்கட்டும். வழியில் ரெண்டு இடத்தில் குடி தண்ணீர் இருக்கட்டும். ஆனால் தார் ரோடு, மாசா மாசம் என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. கொடைக்கானலுக்கு ரோடு போட்டோம். அங்கே சீசனில் நீங்கள் பார்த்தது ஏரியையா, முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தையா என்று யோசித்துச் சொல்லுங்கள். இந்தக் கோயில் இவ்வளவு காலம் கல்லாகவாவது மிஞ்சியதற்குக் காரணம், எளிதில் யாரும் வர முடியாமல் போனதுதான். சுவரில் ஒரு 'ராஜா லவ்ஸ் ராணி'கூட என் கண்ணில் படவில்லை. தமிழ்நாட்டில் இப்படி ஒரு பழைய சுவரை எனக்குக் காட்டுங்கள், பார்ப்போம்.

அவசரம் ரோட்டுக்கு இல்லை, கல்லுக்கு. சரிந்ததை நிமிர்த்தி, வேரை அறுத்து, கல்வெட்டுகளை முறையாகப் படியெடுத்து வைக்கிற வேலை. அதற்கு இடம் யாருடையது என்று முடிவாகிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதே இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து, எத்தனை ஜீப், எத்தனை மணிக்கு, எவ்வளவு கட்டணம் என்று வருஷா வருஷம் ஒரு நாள் விழாவைத் தகராறு இல்லாமல் நடத்திக் காட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு முடிந்தது, கொத்தனார் வருகிற மூன்று மாசத்துக்கு முடியாதா?

கண்ணகிக்கு வேறு இடத்தில் குறைச்சல் இல்லை. திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதி கோயிலில் பொங்கல் திருவிழாவில் பாடுவது அவள் கதைதான். லட்சக்கணக்கான பெண்கள் நகரத்து ரோட்டிலேயே அடுப்பு வைக்கிறார்கள். செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கை ராஜா கயவாகு வந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும். அந்த இலங்கையில் சிங்களவர்களுக்கு அவள் பத்தினி தெய்வம். கண்டி பெரஹராவில் அவள் கோயில் ஊர்வலமும் உண்டு. மட்டக்களப்புப் பக்கம் தமிழர்கள் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிறார்கள், எரித்த சூடு ஆறட்டும் என்று. மெட்ராஸில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது பீச்சில் சிலை வைத்தோம். 2001 டிசம்பரில் எடுத்தோம். 2006-ல் மறுபடி வைத்தோம். அதற்கு எத்தனை அறிக்கை, எத்தனை போராட்டம்! அதில் பத்தில் ஒரு பங்கு சத்தம் இந்தச் சரிந்த மதிலுக்குக் கிடைத்திருந்தால் போதும்.

இரண்டு மணிக்கெல்லாம் விசில் ஊதிவிட்டார்கள். ஏறுகிறவர்களை அடிவாரத்திலேயே நிறுத்தியாயிற்று. மேலே இருப்பவர்கள் இருட்டுவதற்குள் இறங்க வேண்டும். கடைசி ஆள் இறங்கும்வரை வாட்சர்கள் பின்னாலேயே வருகிறார்கள், ஆடு மேய்ப்பவர் மாதிரி. இறங்குவது சுலபம் என்று நினைத்தால் முழங்காலைக் கேளுங்கள். நான் சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய வளையலைப் பிடித்தபடியே, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். பாட்டி எங்களை ஓவர்டேக் செய்து போனது எந்த வளைவில் என்று தெரியவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: சித்ரா பௌர்ணமி தேதி பஞ்சாங்கத்தில் இருக்கும், நேரமும் விதிமுறையும் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே அறிவிப்பார்கள். முந்தைய நாளே கம்பத்திலோ கூடலூரிலோ தங்கிவிடுவது உத்தமம். விடியலில் ஏறினால் பொட்டல் வெயிலிலிருந்து தப்பிக்கலாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். காலுக்கு நல்ல ஷூ, அல்லது பாட்டி மாதிரி ஒன்றுமே இல்லாமல். கற்பூரம், தீப்பெட்டி வேண்டாம். முடிந்தால் ஒரு டஜன் கண்ணாடி வளையல். பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வராது; லீவ் போட வேண்டியிருக்கும். எனக்கு ஆபீஸ் தொல்லை இல்லை, மாப்ளைக்கு உண்டு. அவன் லீவ் லெட்டரில் காரணம் என்கிற இடத்தில், 'மதுரை கேஸ் விஷயமாக ஒரு பெண்மணியை நேரில் பார்க்க' என்று எழுதிக் கொடுத்திருந்தான். மேனேஜர் வக்கீலைப் பார்க்கப் போகிறான் போலிருக்கிறது என்று நினைத்து, உடனே சாங்க்ஷன் செய்துவிட்டாராம்.